என் மருமகளின் ஆறு மாத லீவு

"அத்தை, அமெரிக்காவிலிருந்து அழைப்பு வந்திருக்கு. ஆறு மாசம்!"

2023-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம். அடுப்பில் ரசம் நுரை கட்டிக்கொண்டிருந்தது. என் மருமகள் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கோ வாயில் முதலில் வந்தது, "நாலு வயசுக் குழந்தையை விட்டுட்டா?" என்ற கேள்விதான். அவள் முகம் சுருங்கியதை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

என் மருமகள் ஒரு பல்கலைக்கழகத்தில் தாவரவியல் ஆசிரியை. அப்போது சேர்ந்து ஐந்து வருஷம் முடிந்திருந்தது. மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகம், ஜூலை முதல் டிசம்பர் வரை தங்கள் ஆய்வுக்கூடத்தில் வந்து வேலை செய்யும்படி அவளை அழைத்திருந்தது. அழைப்பு வந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதானே என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லவே இல்லை! அழைப்புக்கும் விமானத்துக்கும் நடுவில் ஐந்து மாதக் காகித வேலை இருந்தது. அந்தக் காகிதங்களைப் படித்துப் படித்துத்தான் எனக்குப் பல விஷயங்கள் புரிந்தன. உங்கள் வீட்டிலும் நாளைக்கு மகளோ மருமகளோ, ஏன் நீங்களேகூட, இப்படி ஓர் அழைப்போடு நிற்கலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

லீவு வேறே, அனுமதி வேறே

முதல் பாடம் இது. "லீவு கொடுத்துட்டாங்கன்னா போக வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"இல்லை அத்தை. லீவு கொடுத்தா வீட்டிலே இருக்கலாம், ஊட்டிக்குப் போகலாம். நாட்டை விட்டு வெளியே போறதுக்குத் தனி அனுமதி வாங்கணும்."

அரசாங்கத்திலும் பல்கலைக்கழகத்திலும் வேலை பார்ப்பவர்களுக்கு இவை இரண்டும் இரண்டு உத்தரவுகள். இரண்டும் கையில் இல்லாமல் டிக்கெட் வாங்கிவிட்டு அவதிப்பட்டவர்கள் நிறையப் பேர். பாஸ்போர்ட் எடுக்கும்போதே இந்த வழக்கம் தொடங்கிவிடுகிறது. இத்தகைய வேலையில் இருப்பவர்கள், தாங்கள் பாஸ்போர்ட்டுக்கு மனுப் போடுவதை மேலதிகாரிக்குத் தெரிவித்த கடிதமோ அல்லது ஆட்சேபணை இல்லை என்ற சர்ட்டிபிகேட்டோ இணைக்க வேண்டும்.

விண்ணப்பத்தோடு என்னென்ன வைத்தாள் தெரியுமா? முதலில் அழைப்புக் கடிதம். அதில் மூன்று விஷயம் தெளிவாக இருக்க வேண்டும்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன வேலை, செலவு யாருடையது. வெளியிலிருந்து வரும் உதவித்தொகையை மறைக்கக் கூடாது. இரண்டாவது, அவள் இல்லாதபோது அவளுடைய வகுப்புகளை யார் எடுப்பார்கள், அவளிடம் ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று எழுதி, அவர்களுடைய கையெழுத்து. மூன்றாவது, லைப்ரரி, லேபரட்டரி, ஆபீஸ் எல்லாவற்றிலும் பாக்கி எதுவும் இல்லை என்ற சீட்டு.

இந்தக் கட்டு துறைத் தலைவரிடமிருந்து ரிஜிஸ்திராருக்குப் போய், அங்கிருந்து துணைவேந்தரிடம் போய், கடைசியில் சிண்டிகேட் கூட்டத்தில் வைக்கப்படும். சிண்டிகேட் நினைத்த நேரத்தில் கூடாது. ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்துக் கிடக்க வேண்டும். "கூட்டம் எப்போன்னு முதல்லே விசாரி. அதிலேருந்து பின்னாடி எண்ணிக்கிட்டு வா" என்று அவளுடைய சீனியர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். நாம் கல்யாணத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி முறுக்கு சுடும் நாளைக் குறிப்பதில்லையா, அந்தக் கணக்குதான்.

யார் ஜாமீன் போடுவது?

அவள் கேட்டது சம்பளத்தோடு கூடிய படிப்பு லீவு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் வருஷ விதிகளின்படி, குறைந்தது 3 வருஷம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால்தான் இதைக் கேட்கலாம். திரும்பி வந்த பிறகு குறைந்தது 3 வருஷம் அங்கேயே வேலை பார்ப்பேன் என்று பாண்டு எழுதிக் கொடுக்க வேண்டும். மீறினால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

அதற்கு ஜாமீனும் வேண்டும். நிரந்தர வேலையில் உள்ள ஆசிரியர்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போடலாம். அல்லது பாங்க் உத்தரவாதமோ, இன்ஷூரன்ஸ் கம்பெனிப் பத்திரமோ, வீடு நிலம் போன்ற அசையாச் சொத்தோ ஜாமீனாகக் கொடுக்கலாம்.

கூட வேலை பார்க்கும் ஒரு டீச்சர் உடனே சம்மதித்தார். இன்னொருவர் நல்ல மனிதர்தான். ஆனால் முன்பு ஒருவருக்காகக் கையெழுத்துப் போட்டு, அந்த ஆள் வெளிநாட்டிலேயே தங்கிவிட, இவருக்கு நோட்டீஸ் வந்து அலைந்திருக்கிறார். "என்னை மன்னிச்சுடும்மா. இனிமே யாருக்கும் போடறதில்லைன்னு வீட்டிலே சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன்" என்றாராம். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா?

அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. "விட்டுடலாம் அத்தை. குழந்தைக்கும் நல்லதுதான்" என்றாள். நான் பிப்ரவரியில் என்ன ஆசைப்பட்டேனோ அதையே அவள் சொன்னாள். ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நான் அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. டீச்சர் டிரெயினிங்குக்கு இடம் கிடைத்தும், வெளியூரில் தங்க வேண்டும் என்பதால் என் வீட்டில் அனுப்பவில்லை. அந்தக் கடிதம் வெகு காலம் என் டிரங்குப் பெட்டியில் இருந்தது. அது நினைவுக்கு வந்தது போலும்.

நாங்கள் இருக்கும் வீடு என் பேரில் இருக்கிறது. என் கணவர் ரிட்டயர் ஆன பணத்தில் கட்டியது. மறுநாள் காலையில் பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். "சொத்து ஜாமீன் கொடுக்கலாம்னு சொன்னியே, இது ஆகுமா பாரு."

என் பிள்ளையே திகைத்துப் போனான். "அம்மா, யோசிச்சுக்கோ" என்றான். "உன் பொண்டாட்டி திரும்பி வருவாளா மாட்டாளான்னு நீ யோசி. எனக்கு யோசிக்கிறதுக்கு ஒண்ணுமில்லை" என்றேன். அவன் வாயே திறக்கவில்லை! என் மகளையும் கூப்பிட்டுச் சொன்னேன். "செய்யும்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்தாள். தெருவில்தான் பேச்சு. "அமெரிக்கா போனவ திரும்பி வருவாளா? வீடு போச்சு போங்க" என்று பக்கத்து வீட்டு அம்மாள் வாசலில் நின்றே சொன்னார்.

வில்லங்கச் சான்று, வரி ரசீது, வக்கீல் அபிப்பிராயம் என்று மூன்று வாரம் ஓடியது. நானே இரண்டு தடவை பல்கலைக்கழக ஆபீஸ் படி ஏறினேன். மே மாத சிண்டிகேட்டில் அனுமதி கிடைத்தது.

ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுப் பத்திரத்தைக் கொடுங்கள் என்று யாருக்கும் நான் யோசனை சொல்லவில்லை. பாண்டின் ஒவ்வொரு வரியையும் வக்கீலிடம் கேட்டுப் புரிந்துகொண்டு, குடும்பத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். ஜாமீன் என்பது வாய் வார்த்தை இல்லை, கடன்.

அபசகுனமா, முன்யோசனையா?

அடுத்தது அமெரிக்கக் காகிதங்கள். ஆராய்ச்சிக்கும் பரிமாற்றப் படிப்புக்கும் போகிறவர்களுக்குக் கொடுப்பது ஜே-1 விசா. அதற்கு அடிப்படை, அழைக்கும் பல்கலைக்கழகம் அனுப்பும் டி.எஸ்.2019 என்ற ஒரு படிவம். அதில் உள்ள தேதிகள்தான் எல்லாம். தொடங்கும் தேதிக்கு 30 நாளுக்கு மேல் முன்னாலே அங்கே நுழைய முடியாது. முடிந்த பிறகு ஊரைச் சுற்றிப் பார்த்து மூட்டை கட்ட 30 நாள் அவகாசம் உண்டு. அவளுக்குக் கொடுத்தது குறுகிய கால ஆராய்ச்சியாளர் என்ற பிரிவு. ஆறு மாதம்தான் உச்சவரம்பு, அதற்கு மேல் நீட்டிக்க மாட்டார்கள். "இதைப் பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் படிச்சுக் காட்டலாமா?" என்று என் பிள்ளை சிரித்தான்.

இன்னொரு விதியும் உண்டு. அரசாங்கப் பணத்தில் ஜே-1 விசாவில் போகிறவர்கள், சொந்த நாட்டுக்குத் திரும்பி வந்து மொத்தம் 2 வருஷம் இருந்த பிறகுதான், அங்கே வேலை பார்க்கும் விசாக்கள் சிலவற்றையும் நிரந்தரமாகக் குடியேறும் உரிமையையும் கேட்க முடியும். படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்பே, இந்த விதி நமக்கு உண்டா இல்லையா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இன்ஷூரன்ஸ் தாளைப் படித்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஜே-1 விசாவில் போகிறவர் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய காப்பீடு இது: ஒவ்வொரு நோய்க்கும் விபத்துக்கும் குறைந்தது 1,00,000 டாலர்; சிகிச்சைக்காகச் சொந்த நாட்டுக்குக் கொண்டுவர 50,000 டாலர்; இறந்துபோனால் உடலை ஊருக்கு அனுப்ப 25,000 டாலர்.

"இதென்ன அபசகுனமா! போகும்போதே இதையா எழுதணும்?" என்றேன்.

"எழுதி வைக்கிறதாலே வந்துடாது அத்தை. எழுதாம இருந்தா வராம இருந்துடுமா?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். நாம் குழந்தையை ஸ்கூல் டூருக்கு அனுப்பும்போது என்னென்ன கேட்கிறோம்? யார் கூட வருகிறார்கள், எங்கே தங்குவீர்கள், உடம்புக்கு வந்தால் யார் பார்ப்பார்கள், எந்த நம்பருக்குக் கூப்பிடுவது? இத்தனை படிவங்களிலும் இருந்த கேள்விகள் அவைதான். பெற்றவள் கேட்பதை ஆபீஸ் பாஷையில் கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்ஷூரன்சில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. முன்பே இருக்கும் வியாதிகளுக்குப் பணம் உண்டா என்று பார்க்க வேண்டும். பல் வைத்தியத்துக்குப் பெரும்பாலும் இருக்காது. அதனால் கிளம்பும் முன்பே சொத்தைப் பல்லை அடைத்து வர அவளை அனுப்பினேன். தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்து வைத்தாள். தட்டம்மை, மஞ்சள் காமாலை பி வகை ஆகியவற்றுக்கு ஊசி போட்ட அத்தாட்சியைப் பல பல்கலைக்கழகங்கள் கேட்கும். காச நோய்ப் பரிசோதனையும் கேட்கலாம். சின்ன வயதில் பி.சி.ஜி. ஊசி போட்டவர்களுக்குத் தோலில் செய்யும் பரிசோதனை வீணாக ‘இருக்கிறது’ என்று காட்டிவிடக்கூடும். ரத்தத்தில் செய்யும் பரிசோதனையில் அந்தக் குழப்பம் இல்லை. தைராய்டு மாத்திரையை டாக்டர் சீட்டோடு, கடை அட்டையைப் பிரிக்காமல் கைப்பையில் வைத்தோம்.

சென்னையில் ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் இருக்கும் தூதரகத்தில் விசா இண்டர்வியூ. பல தடவை போய்வரும் விசாவாகவே கிடைத்தது. ஜூன் கடைசியில் அவள் கிளம்பிவிட்டாள்.

முன்னே போனவர்கள்

ஏர்போர்ட்டிலிருந்து திரும்பும்போது என் பிள்ளை ஒரு விஷயம் சொன்னான். மிச்சிகனுக்குத் தாவரவியல் படிக்கப் போன முதல் தென்னாட்டுப் பெண் இவளில்லையாம். ஜானகி அம்மாள் என்று ஒருவர். தலைச்சேரியில் 1897-இல் பிறந்து, சென்னையில் படித்து, பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். கீழை நாட்டுப் பெண்களுக்கென்று ஏற்பட்ட பார்பர் உதவித்தொகையில் 1924-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போய், 1931-இல் டாக்டர் பட்டமே வாங்கிவிட்டார். பிற்பாடு கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். அந்தக் காலத்தில் கப்பலில்! போனில் குரல் கேட்பது கூடக் கிடையாது. அதைக் கேட்டபோது என் மனசு கொஞ்சம் தைரியப்பட்டது.

பேரன் பேச மறுத்தான்

முதல் இரண்டு வாரம் பேரன் அம்மாவோடு பேசவே மாட்டேன் என்று விட்டான். போனை நீட்டினால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வான். அவள் அங்கே அழ, நான் இங்கே அழ, ஒரே ரகளை. அப்புறம் ஒரு வழி கண்டோம். தினமும் காலை ஏழரை மணிக்கு அவளிடமிருந்து போன் வரும். அங்கே முதல் நாள் ராத்திரி பத்து மணி. பேச வேண்டியதில்லை, அவள் ஒரு கதை சொல்வாள், இவன் இட்லி சாப்பிட்டுக்கொண்டே காதில் வாங்குவான். மூன்றாம் வாரம், "அப்புறம் அந்த நரி என்ன ஆச்சு?" என்று கேட்டான். அதோடு சரியாகிவிட்டது. குழந்தைக்கு நேரம் தவறாமை முக்கியம். தினமும் ஐந்து நிமிஷம் என்பது, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்தைவிட மேல்.

போன முதல் வாரமே அவள் சொன்ன ஒரு விஷயத்தை நான் காதில் சரியாகப் போட்டுக்கொள்ளவில்லை. அங்கே போனதும் வெளிநாட்டு மாணவர் ஆபீசில் ஆஜராகிப் பதிவு செய்ய வேண்டும். அப்போது அங்கிருந்த ஒரு பெண்மணி, "நடுவில் ஊருக்குப் போய் வர வேண்டியிருந்தால், டி.எஸ்.2019 படிவத்தில் எங்கள் கையெழுத்து வேண்டும். அது இல்லாமல் போனால் திரும்பி நுழையும்போது சிக்கல். தேவைப்படும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்காதே, இப்போதே வாங்கி வை" என்றாராம். அவள் போன்ற குறுகிய காலக்காரர்களுக்கு அந்தக் கையெழுத்து ஆறு மாதம் வரை செல்லும். "எதுக்கும் இருக்கட்டும்னு வாங்கிட்டேன் அத்தை" என்றாள். "நல்லது" என்று சொல்லிவிட்டு அப்பளம் பொரிக்கப் போய்விட்டேன்.

அந்த அக்டோபர் வாரம்

அக்டோபர் மாதம், ஒரு புதன்கிழமை பேரனுக்குக் காய்ச்சல் வந்தது. நல்ல கொதிப்பு. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றான். பாரசிட்டமால் கொடுத்தோம். வெள்ளிக்கிழமை ரத்தப் பரிசோதனை. சாயங்காலம் ஏழு மணிக்கு ரிசல்ட் வந்தது: டெங்கு.

என் பிள்ளை ஆபீஸ் வேலையாக ஓசூரில் இருந்தான். அவனுக்குச் சொன்னேன், உடனே புறப்பட்டான். மருமகளுக்கு? அங்கே அப்போது வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை. அவளே வாட்ஸ்அப்பில், "எப்படி இருக்கான்?" என்று கேட்டாள். நான், "சாதாரணக் காய்ச்சல்தான், பயப்படாதே" என்று எழுதினேன். பொய்! அவ்வளவு தூரத்தில் இருப்பவளைக் கலங்கடிப்பானேன் என்று நினைத்தேன். நம்மில் பலரும் அப்படித்தானே நினைக்கிறோம்?

சனிக்கிழமை விடியற்காலை அவன் விடாமல் வாந்தி எடுத்தான். வயிறு வலிக்கிறது என்று சுருண்டான். காய்ச்சல் இறங்கியிருந்தது. நான், "அப்பாடா, விட்டுடுச்சு" என்று நினைத்தேன். டாக்டரம்மா அவன் கையைத் தொட்டுப் பார்த்ததுமே, "கை கால் ஜில்லுன்னு இருக்கு. உடனே சேர்த்துடுங்க" என்றார். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் சமயம்தான் ஆபத்தான சமயமாம். அதற்கடுத்த 24 மணியிலிருந்து 48 மணி நேரம் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். சலைன் ஏற்றத் தொடங்கினார்கள்.

காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து மருமகளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நேற்றே தெரியும் என்பதையும் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு, "நான் வரேன் அத்தை" என்றாள்.

அங்கே வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரை மணி. சனி, ஞாயிறு ஆபீஸ் கிடையாது. நான் முதல் நாள் உண்மையைச் சொல்லியிருந்தால் அவளுக்கு ஒரு முழு வேலை நாள் கிடைத்திருக்கும். ஜூலையிலேயே வாங்கி வைத்த அந்த ஒரு கையெழுத்து இல்லையென்றால், குழந்தையா, நான்கு மாத உழைப்பா என்று அவள் அந்த இரவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்திருக்கும். குழந்தையைத்தான் தேர்ந்தெடுத்திருப்பாள். ஆனால் அந்தத் தண்டனைக்குக் காரணம் என் பொய்யாக இருந்திருக்கும். அவள் தன் பேராசிரியருக்கும், அந்த ஆபீசுக்கும், இங்கே ரிஜிஸ்திராருக்கும் மூன்று ஈமெயில் அனுப்பிவிட்டு, சனிக்கிழமை விமானம் ஏறினாள்.

திங்கட்கிழமை பகல் பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாள். அதற்குள் பையனுக்கு ஆபத்துக் கட்டம் தாண்டிவிட்டது, மூத்திரம் நன்றாகப் போக ஆரம்பித்திருந்தது, பசிக்கிறது என்றான். அம்மாவைப் பார்த்ததும், "நரி கதை மிச்சம் இருக்கு" என்றான். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

என்னிடம் அவள் கோபப்படவில்லை. சாயங்காலம் காபி குடிக்கும்போது மட்டும், "அத்தை, இனிமே என்கிட்டே எதையும் மறைக்காதீங்க. தெரிஞ்சாத்தான் நான் ஏதாவது செய்ய முடியும்" என்றாள். சரி என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போனாள். அந்தப் படிவத்தைக் காட்டியதும் உள்ளே விட்டுவிட்டார்களாம்.

டிசம்பர் கடைசியில் வேலையை முடித்துக்கொண்டு வந்தாள். வந்ததும் பணியில் சேர்ந்த அறிக்கையும், ஆறு மாதம் என்ன செய்தாள் என்ற அறிக்கையும் கொடுத்தாள். வீட்டுப் பத்திரம் மூன்று வருஷ ஜாமீனில் பல்கலைக்கழகத்திலேயே இருந்தது. பக்கத்து வீட்டு அம்மாளுக்கு அவள் வாங்கி வந்த ஒரு ஸ்வெட்டரை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை!

உங்கள் நோட்டுப் புத்தகத்துக்கு

பயணத்துக்கு:

1. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். லீவு உத்தரவும், வெளிநாடு போகும் அனுமதியும் இரண்டும் எழுத்தில் கையில் வந்த பிறகே டிக்கெட்.

2. எல்லாக் காகிதத்திலும் தேதிகள் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அழைப்பில் ஒரு தேதி, லீவில் ஒரு தேதி என்றால் அதுவே ஆட்சேபணை ஆகும்.

3. எல்லாவற்றுக்கும் மூன்று நகல்: ஒன்று பெட்டியில், ஒன்று கைப்பையில், ஒன்று வீட்டில். வீட்டு நகலை எங்கே வைத்திருக்கிறது என்று பெரியவர்களுக்கும் தெரிய வேண்டும்.

4. அங்கே யாரைக் கூப்பிடுவது என்று இரண்டு நம்பராவது காலண்டர் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள். அமெரிக்காவில் அவசரத்துக்கு 911.

5. நடுவில் ஊருக்கு வர என்ன கையெழுத்து வேண்டும் என்று போன முதல் வாரமே கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

6. ஆராய்ச்சிப் படிப்பில் இருக்கும் இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. 2022-ஆம் வருஷ பி.எச்டி. விதிகளின்படி, படிப்புக் காலத்தில் 240 நாள் வரை பிரசவ லீவோ குழந்தை பராமரிப்பு லீவோ பெறலாம். படிப்பை முடிக்கப் பெண்களுக்கு 2 வருஷம் கூடுதல் அவகாசமும் உண்டு. கேட்டால்தான் கிடைக்கும்.

டெங்குவுக்கு:

1. மழைக் காலத்தில் இரண்டு நாள் விடாத காய்ச்சல் என்றால் டாக்டரிடம் போங்கள். பாரசிட்டமால் தவிர ஆஸ்பிரின், இபுபுரூபன் போன்ற மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

2. கஞ்சி, மோர், இளநீர், உப்பு-சர்க்கரைக் கரைசல் எதுவானாலும் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். எத்தனை தடவை மூத்திரம் போனான் என்று குறித்து வையுங்கள்.

3. காய்ச்சல் இறங்கியதும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். கடுமையான வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுதல், சோர்ந்து தூங்கி வழிதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி.

4. இந்தக் கொசு பகலில் கடிக்கும், நல்ல தண்ணீரில் முட்டையிடும். வாரம் ஒரு நாள் தொட்டி, டிரம், பூத்தொட்டித் தட்டு, பிரிட்ஜ் அடித் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். எங்கள் வீட்டில் கொல்லைப்புறத்து உடைந்த வாளியில்தான் புழு இருந்தது. அதைத் தூக்கிப் போட வேண்டும் என்று நான் மூன்று மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மருமகளுக்கு வந்த அந்த அழைப்புக் கடிதத்தின் ஒரு நகலை என் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன். பேரனுக்கு இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். "இது என்ன பாட்டி?" என்று கேட்டான். "உங்கம்மா ஊருக்குப் போன சீட்டு" என்றேன். "எனக்கும் சீட்டு வருமா?" என்றான். "வரும். ஆனா ஆறு மாசம் முன்னாலேயே சொல்லிடு, நிறைய எழுதணும்!" என்றேன்.